யுடிபியா, எஃப்டிபியா? வலைப்பின்னல் கேபிளின் கவசத்தைப் புரிந்துகொள்வோம்

பள்ளியின் கணினி அறைக்குப் புதிதாக வலைப்பின்னல் கேபிள் போட வேண்டி வரும்போது, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் மூன்று விலைப்புள்ளிகள் வந்து நிற்கும். ஒன்றில் ‘கேட் 6 யுடிபி’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘கேட் 6 எஃப்டிபி’. மூன்றாவதில் ‘எஸ்டிபி, முழுக் கவசம்’ என்று எழுதி, விலையும் அதற்கேற்பக் கூடியிருக்கும். “கவசம் உள்ளதுதான் சார் நல்லது, இடி மின்னல் எதுவும் ஒன்றும் செய்யாது” என்பார் விற்பவர். கணினி ஆசிரியர் இல்லாத பள்ளி என்றால் தலைமையாசிரியரின் பார்வை அறிவியல் ஆசிரியர் பக்கம் திரும்பும்.

இதற்குப் பதில் சொல்லப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் மின்காந்தவியலும், மேல்நிலை இரண்டாம் ஆண்டின் நிலைமின்னியல் பாடத்தில் வரும் தடுப்புறையும் போதும். விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. கவசம் வேலை செய்யும். ஆனால் முனை முதல் முனை வரை அறுபடாமல் சென்று, நல்ல எர்த்தில் முடிந்தால்தான் அது கவசம். எர்த் சரியில்லாத கட்டடத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய உலோக உறை பயனற்றுப் போவதோடு, மாணவர்கள் தொடும் கணினிப் பெட்டிகளுக்கு இடையே கசிவு மின்னோட்டம் பரவும் வழியாகவும் ஆகிவிடலாம். மின்னலைப் பற்றி அவர் சொன்னது முழுவதும் தவறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முறுக்குதான் முதல் பாதுகாப்பு

பழைய கேபிள் துண்டு ஒன்றை எடுத்து வெளியுறையைச் சீவிப் பாருங்கள். எட்டுக் கம்பிகள் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு இணைகள். ஒவ்வொரு இணையிலும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். இந்த முறுக்கு இட மிச்சத்துக்காகச் செய்ததல்ல. தொலைபேசிக் கம்பிகளில் பக்கத்துக் கம்பியின் பேச்சு கலந்து கேட்ட காலத்திலேயே, 1881-இல், அலெக்சாண்டர் கிரஹாம் பெல் முறுக்கிய இணைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கணினி வலைப்பின்னல் ஓடுவதும் அதே உத்தியில்தான்.

எப்படி என்பதைக் கரும்பலகையில் முழுக்களைக் கொண்டே காட்டிவிடலாம். ஒரு கம்பியில் +5, அதன் இணைக் கம்பியில் −5 என்று குறிகை அனுப்புகிறோம். மறுமுனையில் உள்ள கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது: 5 − (−5) = 10. வழியில் ஒரு மோட்டார் ஓடுகிறது. அது இரு கம்பிகளிலும் +3 அளவு இரைச்சலை ஏற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கம்பிகளில் இருப்பது +8, −2. வித்தியாசம்? 8 − (−2) = 10. இரைச்சல் வந்தது, ஆனால் கணக்கில் தன்னைத்தானே கழித்துக்கொண்டுவிட்டது. முழுக்களின் கழித்தல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது கடினம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் சம அளவில் ஏற வேண்டும். கம்பிகள் நேராக ஓடினால் மோட்டாருக்கு அருகில் இருக்கும் கம்பி அதிகம் வாங்கும், தள்ளி இருப்பது குறைவாக வாங்கும். முறுக்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் இடம் மாறுகின்றன. மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். நான்கு இணைகளையும் உற்றுப் பார்த்தால் முறுக்கின் நெருக்கம் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பது தெரியும். ஒரே அளவில் முறுக்கியிருந்தால் இரு இணைகள் கூடவே ஓடி, ஒன்றின் குறிகை மற்றதில் ஏறிவிடும். அதைத் தவிர்க்கவே இந்த வேறுபாடு.

இதனால்தான் பிளக் பொருத்தும்போது முறுக்கை நீளமாகப் பிரித்துவிடக் கூடாது. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. வேலை எளிதாக இருக்கும் என்று இரண்டு அங்குலம் பிரித்துவிட்டுப் பொருத்தும் பணியாளர் பலர் உண்டு. விலை கூடிய கேபிளும் அந்த இரண்டு அங்குலத்தில் வெறும் கம்பியாகிவிடுகிறது.

எழுத்துகளைப் படிக்கும் முறை

முறுக்கு போதாத இடங்களில்தான் உலோகக் கவசம் தேவைப்படுகிறது. கவசத்தை இரண்டு இடங்களில் போடலாம். நான்கு இணைகளையும் சேர்த்து வெளியே ஒரு பொது உறை. அல்லது ஒவ்வொரு இணைக்கும் தனித்தனி உறை. இரண்டையும் சேர்த்தும் போடலாம். எந்தக் கேபிளில் எது இருக்கிறது என்பதைச் சொல்ல ஐஎஸ்ஓ/ஐஇசி 11801 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒரு பெயர்முறை தந்திருக்கிறது. பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் அதன் இலக்கணம் எளிது. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்து வெளிப் பொது உறையைச் சொல்கிறது. பின்னால் உள்ளது இணைகளின் உறையைச் சொல்கிறது. ‘யு’ என்றால் உறை இல்லை. ‘எஃப்’ என்றால் மெல்லிய அலுமினியத் தாள், அதாவது ஃபாயில். ‘எஸ்’ என்றால் கம்பிப் பின்னல். கடைசியில் வரும் ‘டிபி’ முறுக்கிய இணையைக் குறிக்கிறது.

இனி நீங்களே படிக்கலாம். யு/யுடிபி என்றால் எங்கும் உலோகம் இல்லை. எஃப்/யுடிபி என்றால் வெளியே ஒரு ஃபாயில், உள்ளே இணைகள் வெறுமனே. யு/எஃப்டிபி இதற்கு நேர்மாறு: வெளியே ஒன்றுமில்லை, ஒவ்வோர் இணையும் ஃபாயிலுக்குள். எஸ்/எஃப்டிபி என்றால் இணை ஒவ்வொன்றுக்கும் ஃபாயில், எல்லாவற்றுக்கும் மேல் பின்னல். எஸ்எஃப்/யுடிபி என்றால் வெளியே பின்னலும் ஃபாயிலும் சேர்ந்து, உள்ளே இணைகள் வெறுமனே.

கடைக்காரர்கள் இன்னும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல். ‘எஃப்டிபி’ என்று மட்டும் எழுதினால் அது எஃப்/யுடிபியா, யு/எஃப்டிபியா என்று தெரியாது. ‘எஸ்டிபி’ என்ற சொல்லோ கவசம் உள்ள எதற்கும் பொருந்திவிடும். ஒரு ஃபாயில் மட்டும் உள்ள கேபிளை எஸ்டிபி என்று சொல்லி, பின்னல் உள்ளதன் விலைக்கு விற்கலாம். எழுத்தில் அதைத் தவறு என்று நிறுவ முடியாது. எனவே விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே சாய்கோட்டுடன் கூடிய முழுப் பெயரைக் கேட்டுவிடுவது நல்லது. கேபிளின் வெளியுறையிலும் அது அச்சாகியிருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம்: ‘கேட் 6’ என்பது கவசத்தின் பெயர் அல்ல. அது எவ்வளவு அதிர்வெண் வரை கேபிள் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் வகை எண். கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ் வரை, கேட் 6 250 வரை, கேட் 6ஏ 500 வரை. கேட் 6 கேபிள் கவசத்துடனும் வரும், இல்லாமலும் வரும்.

ஃபாயிலும் பின்னலும்

இரண்டும் உலோகம்தான். ஆனால் வேலை வேறு. ஃபாயில் ஓர் இடைவெளியும் விடாமல் மூடும், மிக மெல்லியது. பின்னலில் சிறு சிறு துளைகள் இருக்கும். உலோகம் தடிமன், மின்தடை குறைவு, இழுவையையும் தாங்கும். உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு ஃபாயில் நன்று. தாழ் அதிர்வெண்ணுக்குப் பின்னல் நன்று. இரண்டையும் சேர்த்துப் போடுவதன் காரணம் இதுதான்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதைக் கணக்காகவே செய்து காட்டலாம். மாறுமின்புலம் உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் வரை நுழையும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. அலுமினியத்தில் 50 ஹெர்ட்ஸுக்கு அந்த ஆழம் ஏறத்தாழ 11.6 மில்லிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 8 மைக்ரோமீட்டர். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் ஃபாயில்கூடப் பத்து மைக்ரோமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்டது. அதாவது வானொலி, கைப்பேசி போன்ற உயர் அதிர்வெண் அலைகளுக்கு ஒரு தாள் ஃபாயில் சுவர் போன்றது. நம் மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கோ அது கண்ணாடிச் சன்னல். அதைச் சமாளிப்பது முறுக்கும், தள்ளிவைக்கும் தூரமும்தான்.

தொடக்கப் பள்ளியில் இதே செய்தியைக் காந்தத்தைக் கொண்டு சொல்லலாம். குண்டூசிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஃபாயில் தாளைப் பிடியுங்கள். ஊசி முன்போலவே இழுபடும். மாறாத காந்தப்புலத்தை அலுமினியம் தடுப்பதில்லை. பிறகு ஒரு சிறு எஃப்எம் வானொலியை ஓடவிட்டு, மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். பாட்டு போய் இரைச்சல் மட்டும் கேட்கும். இப்போது ஒரு கம்பியின் ஒரு முனையை வானொலியின் ஆண்டெனாவில் சுற்றி, மறுமுனையை மூடி இடுக்கு வழியாக வெளியே நீட்டுங்கள். நிலையம் பெரும்பாலும் திரும்பிவிடும். டப்பாவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெளியே நீண்ட ஒரு கம்பி, வெளியுலகை உள்ளே அழைத்து வந்துவிட்டது. அந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் விஷயத்தில் அடுத்து வருவது அதுதான்.

எர்த் இல்லாத கவசம்

ஃபாயில் உள்ள கேபிளைச் சீவினால், இணைகளோடு ஃபாயிலை ஒட்டியபடி உறையில்லாத வெறும் கம்பி ஒன்று ஓடுவதைப் பார்க்கலாம். ட்ரெயின் ஒயர் என்பார்கள். கவசத்தில் சேரும் மின்னோட்டத்தை வெளியே கொண்டுபோகும் வழி அது. அதையும் ஃபாயிலையும் உலோக உறை கொண்ட பிளக்கிலும், உலோக உறை கொண்ட சுவர் சாக்கெட்டிலும், ரேக்கில் உள்ள பேட்ச் பேனலிலும் சுற்றுமுழுக்கத் தொடும்படி பொருத்த வேண்டும். ரேக்கிலிருந்து தடித்த செப்புக் கம்பி கட்டடத்தின் எர்த்துக்குப் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் எல்லாக் கண்ணியும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. கவசம் உள்ள கேபிளை வாங்கிவிட்டு, மலிவான பிளாஸ்டிக் பிளக்கைப் பொருத்தி, ஃபாயிலை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ட்ரெயின் ஒயர் எங்கும் சேராமல் தொங்கும். இப்போது அந்த உலோக உறை 30, 40 மீட்டர் நீளமுள்ள ஆண்டெனா. வெளியிலிருந்து வாங்கிய இரைச்சலைக் கொட்ட இடமில்லாமல், உள்ளே இருக்கும் இணைகளோடு பகிர்ந்துகொள்ளும். டப்பாவுக்கு வெளியே நீண்ட கம்பியின் கதைதான். இப்படிப் போட்ட கவசக் கேபிளைவிட, ஒழுங்காகப் போட்ட சாதாரண யு/யுடிபி மேல்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது மாணவர் பாதுகாப்பு. கணினியின் மின்வழங்கிப் பெட்டிக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காக மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் இரும்புப் பெட்டிக்குக் கசியும். மூன்று முள் சாக்கெட்டில் எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியைத் தொடும்போது விரலில் சுறுசுறுவென்று இருக்கும். பழைய கட்டடத்தில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானதுதான்.

யு/யுடிபி கேபிளில் இந்தக் கணினிகள் ஒன்றோடொன்று உலோகத் தொடர்பு இல்லாமல் இருக்கின்றன. வலைப்பின்னல் துளையில் உள்ள சிறு மின்மாற்றிகள் குறிகையைக் காந்தப்புலம் வழியாக மட்டுமே கடத்துகின்றன. 1500 வோல்ட் வரை தாங்கும் காப்பு அங்கே இருக்கிறது. உலோகப் பிளக்குடன் கவசக் கேபிளைப் போட்டவுடன், அந்த மின்மாற்றியைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குப் பெட்டி நேரடி உலோகப் பாதை உண்டாகிறது. 20 கணினிகளின் கசிவும் ஒரே இடத்தில் கூடும். ரேக்குக்கும் எர்த் இல்லையென்றால் அதைத் தொடுபவருக்கு அது வெறும் சுறுசுறுப்பாக இருக்காது. ஏதாவது ஒரு கணினியில் பேஸ் கம்பி பெட்டியில் பட்டுவிட்டால், பழுது அந்த ஒரு கணினியோடு நிற்காது. அறை முழுவதும் பரவும்.

ஆகவே கேபிள் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சோதிப்பது. சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இது முதல் கட்டச் சோதனைதான். எர்த்தின் மின்தடையையும் உரிய கருவியால் அளக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டைத் திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத குறையை மறைக்க, எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மீட்டர் நல்ல அளவையே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கணினிப் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

மின்னல், இரண்டு கட்டடம், கண்ணாடி இழை

இனி விற்பவர் சொன்ன மின்னலுக்கு வருவோம். கேபிளின் மெல்லிய ஃபாயில் மின்னலைத் தடுக்காது. மாறாக, இரண்டு கட்டடங்களுக்கு இடையே கவசக் கேபிளை இழுத்தால், ஒவ்வொரு கட்டடத்தின் எர்த்தும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும்போது அந்த வேறுபாட்டைச் சமன்செய்யும் மின்னோட்டம் கவசத்தின் வழியே பாயும். அருகில் மின்னல் விழும் நொடியில் அந்த வேறுபாடு மிகப் பெரியதாகிவிடும். கவசம் இல்லாத செப்புக் கேபிளும் இங்கே ஏற்றதல்ல. கட்டடத்துக்குக் கட்டடம் போகும் பாதைக்கு உலோகமே இல்லாத கண்ணாடி இழைக் கேபிள்தான் சரி. வேப்பமரத்தின் கிளையில் கட்டி அடுத்த கட்டடத்துக்கு இழுத்த கேபிள், ஒரு மழைக்காலத்தில் இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும்.

நம் பள்ளிக்கு எது?

ஒரே கட்டடம், ஒரு கணினி அறை, சில திறன்மிகு வகுப்பறைகள், நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம். இந்தத் தேவைக்கு நல்ல செம்பில் செய்த கேட் 6 யு/யுடிபி தாராளம். மின்கம்பிகளோடு ஒரே குழாயில் போடக் கூடாது. இணையாக ஓடினால் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். கடந்தே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். பழைய குழல்விளக்கின் சோக், மின்விசிறி, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றிலிருந்து விலகிப் போகட்டும். செலவில்லாத இந்தக் கவனம், விலை கூடிய ஃபாயில் செய்வதைவிட அதிகம் செய்யும்.

கவசம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. லேத், வெல்டிங் இயந்திரங்கள் ஓடும் தொழிற்கல்விப் பட்டறை, ஜெனரேட்டர் அறையை ஒட்டிப் போகும் பாதை, எக்ஸ்ரே போன்ற கருவிகள் உள்ள மருத்துவமனை. நொடிக்கு பத்து கிகாபிட் வேகத்தில் நிறையக் கேபிள்கள் நெருங்கிக் கட்டப்பட்டிருக்கும் தரவு மையத்திலும் தேவைப்படும். அங்கே எதிரி வெளியே இல்லை. பக்கத்துக் கேபிளே எதிரி. ஒன்றின் குறிகை மற்றதில் ஏறுவதை எஃப்/யுடிபியோ யு/எஃப்டிபியோ தடுத்துவிடும். ஜெர்மனி போன்ற நாடுகளில் அலுவலகங்களிலும் கவசக் கேபிளே வழக்கம். அமெரிக்காவில் பெரும்பாலும் கவசமில்லாதது. இரண்டு நாடுகளிலும் வலைப்பின்னல் நன்றாகவே ஓடுகிறது.

கவசத்தைப் பற்றிய பேச்சில் கம்பியை மறந்துவிடக் கூடாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும். செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு மூன்று முறை வளைத்தால் முறியும். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கண்காணிப்புக் கேமராக்களுக்கு இதைப் போட்டால் கம்பி சூடாகும். கண்டுபிடிப்பது எளிது: கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். இப்படிப்பட்ட கம்பிக்கு மேல் எத்தனை கவசம் சுற்றினாலும், வகை எண்ணுக்குரிய தரத்தை அது எட்டாது.

வேலை முடிந்ததும், பணம் கொடுக்கும் முன், ஒவ்வொரு இணைப்பையும் சோதனைக் கருவியில் இட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேபிளின் வெளியுறையில் அச்சாகியுள்ள முழு வரியையும் இருப்புப் பதிவேட்டில் அப்படியே எழுதி வையுங்கள். கவசக் கேபிள் போட்டிருந்தால் ரேக்கின் எர்த் கம்பியை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெட்டி மிஞ்சும் துண்டுகளைப் பணியாளர் குப்பையில் போடும் முன் வாங்கி அறிவியல் ஆய்வக அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மின்காந்தத் தூண்டல் நடத்தும்போது, வெளியுறை, ஃபாயில், ட்ரெயின் ஒயர், நான்கு விதமான முறுக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க மாணவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.